மாடியில் பரீட்சை, வாசலில் சாம்பார் சாதம்

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. கீழே நானும் என் மனைவியும் இருக்கிறோம். மாடியில் ஓர் அறையும் சின்ன சமையற்கட்டும் உண்டு. அதை வாடகைக்கு விடுவோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். தியானம் செய்வார்கள். சிலர் மாதக்கணக்கில் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள்தான் எனக்குத் தோது. நான் பத்தாவது வரை படித்தவன். கொஞ்சம் நிலமும் இரண்டு மாடும் வைத்திருக்கிறேன். மாடுகளிடம் நன்றாகப் பேசுவேன். மனிதர்களிடம் பேச வேண்டுமென்றால் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் எங்கள் வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் என் மனைவியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

ஒரு ஐப்பசியில் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கிறாளாம். மலையைச் சுற்றுகிறவர்கள் எதற்காகச் சுற்றுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுத வந்திருந்தாள். சென்னையில் தங்கித் தமிழ் படித்துவிட்டு வந்ததால் நிதானமாகப் பேசுவாள்.

“இன்னாம்மா படிக்கிறே?” என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள்.

“கடவுள் பத்தி படிக்கிறேன், அக்கா.”

“அதுக்கு ஒரு காலேஜா?”

“ஆமாம். ஆறு வருஷம்.”

என் மனைவி மலையை ஒரு தடவை பார்த்தாள், அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். “இங்க தெருவுக்கு நாலு பேரு ஒரு நாள்கூட படிக்காமலே அதைப் பத்தி பேசிக்கினு இருக்காங்களே,” என்றாள்.

படிப்பை முடித்தால் அவள் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன சர்ச்சில் போதகராக வேலை காத்திருந்தது. எழுத்துத் தேர்வெல்லாம் முடித்துவிட்டாள். கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு பாக்கி. மூன்று பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே ஒரு தடவை போய், முதல் கேள்வியிலேயே வாயடைத்துப்போய், பெயிலாகி வந்தவள் அவள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதிலும் தவறினால் ஆறு வருஷப் படிப்பும் வீண். இதைக் கேட்டதும் எனக்கு அவள் மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. வாயடைத்துப் போவதென்றால் என்ன என்று எங்கள் தெருவில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

இரண்டாம் தடவைத் தேர்வைக் கம்ப்யூட்டர் வழியாகவே வைத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு கண்டிப்பான விதி. அறையில் அவள் மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு மனிதக் குரல் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் யாரோ பக்கத்திலிருந்து விடை சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தேர்வை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

தை மாதம் பிறந்ததும் படிப்பு மும்முரமானது. மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் ஜெர்மன் மொழி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். ஒரு நாள் கீழே இறங்கி வந்து என்னிடம் கேட்டாள்.

“அண்ணா, சாயந்திரம் கொஞ்ச நேரம் நீங்க எனக்குப் பேராசிரியரா இருக்க முடியுமா?”

நான் மனைவியைப் பார்த்தேன்.

“அவருக்கு இங்கிலீசே அரைகுறை. இதுல உங்க பாஷையில என்னாத்த கேப்பாரு?” என்றாள் அவள்.

“எதுவும் கேக்க வேண்டாம். சும்மா உக்காந்து பாக்கணும். அண்ணா முகம் எங்க பெரிய பேராசிரியர் முகம் மாதிரியே இருக்கு. அவரும் சிரிக்க மாட்டார், தலையாட்ட மாட்டார். எனக்கு அந்த முகத்தைப் பாத்தாத்தான் பயம்.”

என் மனைவி சிரித்த சிரிப்பில் மாடு இரண்டும் திரும்பிப் பார்த்தன. “இருவத்தஞ்சு வருஷமா நானும் அந்த மூஞ்சியைத்தான் பாக்கறேன். ஒரு பயமும் வரலியே!”

அன்றிலிருந்து சாயந்திரம் ஆனால் நான் பேராசிரியர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். என் மனைவியும் முறத்தில் கீரையோ பூண்டோ வைத்துக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்காருவாள். அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நாலு நாள் கேட்டதில், எந்த இடத்தில் அவள் குரல் இறங்குகிறது, எந்த இடத்தில் தன் காதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. அவள் தடுமாறும்போது எனக்கு வியர்க்கும். முகத்தை மட்டும் அப்படியே வைத்திருப்பேன். அதுதானே என் வேலை.

கேள்வி கேட்கும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

“ஏம்மா, உங்க சாமி ஒருத்தர்தானே?”

“ஒருத்தர்தான், அக்கா.”

“அப்போ அவருக்குக் கோவம் வந்தா யாரு சமாதானம் பண்றது? இங்கன்னா அம்மன் இருக்காங்க, புள்ளைங்க இருக்காங்க. அங்க யாரு?”

அந்தப் பெண் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். “இது பெரிய கேள்வி, அக்கா. நானூறு பக்கம் புத்தகம் இருக்கு இதுக்கு.”

“படிச்சுட்டு நாளைக்கு சொல்லு,” என்று என் மனைவி பூண்டு உரிக்கப் போய்விட்டாள். மறுநாள் மறக்காமல் கேட்கவும் செய்தாள்.

தேர்வுத் தேதி வந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள். அவர்களுக்குக் காலை, நமக்கு மத்தியானம் மூன்றரை மணி. அந்தப் பெண் சந்தோஷமாக வந்து சொன்னாள். என் மனைவி சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினாள். புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இந்தத் தேதி யாரும்மா குறிச்சது?”

“மூணு பேராசிரியரும் சேர்ந்து.”

“மூணு பேரும் சாமியைப் பத்தி படிச்சவங்க. ஒருத்தர்கூட நெலாவைப் பாக்கலியா? அன்னிக்குப் பௌர்ணமி!”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பௌர்ணமி அன்று எங்கள் வாசலில் லட்சக்கணக்கான பேர் நடப்பார்கள். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பாதை நெடுக அன்னதானம், மோர்ப் பந்தல், பொம்மைக் கடை, பாட்டு. எங்கள் வீட்டுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குழு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வந்து எங்கள் வாசலில்தான் சாம்பார் சாதம் போடும். முதல் தடவை வந்தபோது, “அண்ணா, உங்க வாசல்ல போட்டுக்கலாமா? கரண்ட் எடுத்துக்கலாமா? ஸ்பீக்கரை மாடிக் கம்பியில கட்டிக்கலாமா?” என்று வரிசையாகக் கேட்டார்கள். நான் மூன்றுக்கும் “சரிங்க” என்று சொன்னேன். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அந்த மாடிக் கம்பிக்கு நேர் பின்னால்தான் அந்தப் பெண்ணின் மேசை.

தேதியை மாற்றக் கேட்டு எழுதினாள். அடுத்த வாய்ப்பு ஐப்பசியில்தான் என்று பதில் வந்தது. அதுவரை சர்ச் வேலை காத்திருக்காது. வேங்கிக்காலில் என் மச்சினி வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தோம். அங்கே இரண்டு வாண்டுகளும் ஒரு நாயும் உண்டு. “அதுக்குப் பௌர்ணமியே தேவலாம்,” என்றாள் என் மனைவி.

ஆகவே ஸ்பீக்கரைக் கட்ட வேண்டாம் என்று குழுத் தலைவருக்குப் போன் செய்யும்படி என்னை விட்டார்கள். நீங்கள்தானே சம்மதம் கொடுத்தது, நீங்களே சொல்லுங்கள் என்பது என் மனைவியின் நியாயம். அவளும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் தலைவருக்கு வெண்கலத் தொண்டை; என்னை “ஹலோ” கூட முழுதாகச் சொல்ல விடவில்லை. நான் பேசியது இவ்வளவுதான்: “ஆமாங்க... சரிங்க... அப்படிங்களா... சரிங்க, ஆகட்டும்ங்க.”

“இன்னா சொன்னாரு?” என்றாள் மனைவி.

“இந்தத் தடவை ரெண்டு ஸ்பீக்கர் கட்டறாங்களாம்.”

அவள் போனைப் பிடுங்கி மறுபடியும் கூப்பிட்டாள். மாடியில் ஒருத்தர் படிக்கிறார், சத்தம் கூடாது என்று அவள் சொல்ல, “கவலையே வேணாங்கா, கம்மியா வெச்சிக்கிறோம்,” என்று அவர் வாக்குக் கொடுத்தார். அவருடைய கம்மி எவ்வளவு என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பக்கத்துத் தெரு வரைக்கும்தான் கேட்கும்.

பௌர்ணமி வந்தது. விடிவதற்குள் குழு டெம்போவில் வந்து அடுப்பு மூட்டிவிட்டது. இரண்டு ஸ்பீக்கரும் மாடிக் கம்பியில் ஏறின. அந்தப் பெண் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “சாப்பாடு போடுறவங்களை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, அண்ணா,” என்று மட்டும் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது.

என் மனைவி பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோயில் பக்கம் சுக்குக் காப்பிக் கடை போடுவாள். கிளம்பும்போது என்னிடம் விரலை நீட்டினாள். “உங்களுக்கு ஒரே ஒரு வேலை. மூணு மணிக்கு முன்னாடி போய், ஒரு மணி நேரம் மைக்கை நிறுத்துங்கன்னு சொல்லணும். அவ்ளோதான். நாலு வார்த்தை. சொல்லிடுவீங்களா?”

“சொல்லிடறேன்.”

“எங்கிட்ட இல்ல. அவர்கிட்ட.”

மத்தியானம் கூட்டம் ஏறத் தொடங்கியது. தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “வாங்க, வாங்க, சூடான சாம்பார் சாதம், ஆவி பறக்குது, அள்ளிக்கினு போங்க, அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று முழங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நாலு வார்த்தையையும் மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “வாங்கண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க,” என்று என் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டார். தொன்னை தொன்னையாக நீண்ட கைகளுக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். எப்படி நிறுத்துவது? பசியோடு வருகிறார்களே. ஒருவழியாகக் கரண்டியை வேறொருவர் வாங்கிக்கொண்டபோது மணி மூன்று ஆகியிருந்தது.

மேலே பார்த்தேன். அந்தப் பெண் கோட்டு மாட்டிக்கொண்டு தலையை வாரிக்கொண்டிருந்தாள். மறுபடியும் தலைவரிடம் போனேன். மைக் ஒயர் என் வீட்டுக்குள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. கரண்ட் என் வீட்டிலிருந்துதானே போகிறது? பேச வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே போய், யாரும் பார்க்காதபோது, பிளக்கை உருவிவிட்டேன்.

என்ன ஒரு அமைதி! என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் போய் நின்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வீடே அதிர்வது போல ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் டெம்போவிலிருந்து ஜெனரேட்டரை இறக்கி, மாடி ஜன்னலுக்கு நேர் கீழே வைத்து ஓட்டிவிட்டார்கள். மைக் இப்போது ஜெனரேட்டரையும் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டியும் வைத்துவிட்டார்கள்.

“பயப்படாதீங்கண்ணா! கரண்ட் போனா இன்னா, எங்ககிட்ட எல்லாம் ஜாஸ்தியாவே இருக்கு!” என்று தலைவர் எனக்குத் தைரியம் சொன்னார்.

மேலே ஜன்னலில் அந்தப் பெண் நின்றாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. அன்றொரு நாள் தேர்வறையில் வாயடைத்துப் போனபோது இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது.

எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. தலைவரின் கையைப் பிடித்தேன். “நிறுத்துங்க. மேல அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை. மனுஷக் குரல் கேட்டா பெயில் பண்ணிடுவாங்க. இதான் கடைசி சான்சு. கடவுளைப் பத்தின பரீட்சை.” நாலு வார்த்தை போதும் என்றார்கள், எனக்கு அதற்கு மேலேயே வந்துவிட்டது.

தலைவர் வாயைப் பிளந்தார். “இதை முன்னாடியே சொல்லக்கூடாதாண்ணா? கரண்டி கையில குடுத்தப்பவே சொல்லியிருக்கலாமே!” ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். நிறுத்தப் போகிற மைக்கில் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

“பக்த கோடிகளே! இந்த மாடியில கடல் தாண்டி வந்த ஒரு அம்மா, கடவுளை நினைச்சு உக்காந்திருக்காங்க! மனுஷக் குரலே கேக்கக் கூடாதாம்! எல்லாரும் இந்த எடத்தை அமைதியா கடந்து போங்க!”

மைக் நின்றது. ஜெனரேட்டர் நின்றது. எங்கள் தெருவில் பௌர்ணமி அன்று அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் உதட்டில் விரல் வைத்தார்கள். மாடியில் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மணி மூன்றரை.

கடந்து போகச் சொன்னார். யாரும் கடந்து போகவில்லை. முதலில் ஒரு தம்பதி மாடிப்படி ஓரம் கைகூப்பி நின்றார்கள். அவர்களைப் பார்த்து நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் அது வரிசை. எங்கள் ஊரில் வரிசையைப் பார்த்தால் என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் நிற்பார்கள். கேட்பது நின்ற பிறகுதான். ஒருத்தர் படியில் கற்பூரம் ஏற்றினார். இன்னொருத்தர் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் முதல் படியில் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டேன்.

“அம்மா தர்சனம் எப்புடண்டி?” என்று ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் காதருகே கிசுகிசுத்தாள். எப்போது தரிசனம் என்கிறாள். நான் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினேன். அதை அவள் “சீக்கிரமே” என்று எடுத்துக்கொண்டு பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டாள்.

“எத்தினி வருஷமா மௌனம்?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“மௌனம் இல்லீங்க. உள்ள பேசிக்கினுதான் இருக்காங்க.”

“யார்கிட்ட?”

“ஜெர்மனியில மூணு பேர்கிட்ட.”

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு சாமியார் வந்தார். வரிசையைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார், தோள் பையிலிருந்து சங்கை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கத்தவும் முடியாது. பக்கத்தில் இருந்த சாம்பார் சாதத் தொன்னை ஒன்றை எடுத்து அவர் ஒரு கையில் வைத்தேன். சங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் சாப்பிட ஆரம்பித்தார். முடிவதற்குள் இன்னொரு தொன்னை வைத்தேன். நான்கு தொன்னை வரைக்கும் தாக்குப்பிடித்தேன்.

மேலே கதவு திறந்தது. அந்தப் பெண் தடதடவென்று இறங்கி வந்தாள். மேலே கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காலர். கேமராவில் தெரியாத கீழ்ப்பாதிக்கு, பூப்போட்ட பழைய பருத்திப் பைஜாமா. வெறுங்கால்.

“அண்ணா, முடிஞ்சது! பேசிட்டேன்! எல்லாத்துக்கும் பேசிட்டேன்! இப்போ அவங்க மூணு பேரும் தனியா முடிவு பண்றாங்க. திரும்பிக் கூப்பிடுவாங்க. என்னால உள்ள உக்கார முடியல...” அப்போதுதான் வரிசையைப் பார்த்தாள். “இவங்க எல்லாம் யாரு?”

“உங்களைப் பாக்க வந்தவங்க.”

“ஏன்?”

அதை விளக்க எனக்கு ஆறு வருஷம் படிப்பு வேண்டும். அதற்குள் சிவப்புப் புடவை கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண் முன்னால் வந்து, “அம்மா, கொஞ்சம் விபூதி குடும்மா,” என்று கையேந்தினாள்.

அந்தப் பெண் பதறிப்போனாள். “ஐயோ, நான் சாமியார் இல்ல! நான் ஸ்டூடண்ட். இது பரீட்சை. போன தடவை நான் பெயில்.”

எல்லோரும் கோபித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். சிவப்புப் புடவைக்காரி ஒரு அடி முன்னால் வந்தாள். “பெயிலா? எம் புள்ளையும் கணக்குல ரெண்டு வாட்டி பெயிலும்மா! உன்னை மாதிரிதான், மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போயிடுவான்.” ஏந்திய கையை இறக்கி, தன் சுருக்குப் பையிலிருந்து விபூதியை எடுத்து அந்தப் பெண்ணின் நெற்றி முழுக்கப் பூசினாள். “ஒண்ணும் ஆவாது. பாஸாயிடுவே, போ.”

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஆசீர்வாதம். ஆந்திர அம்மாள் தலையில் பூவைச் செருகினாள். பெரியவர் கையில் வாழைப்பழம் திணித்தார். சாமியார் மட்டும் கை கழுவ இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மேலே கம்ப்யூட்டர் மணி அடித்தது. அவள் விபூதியும் பூவும் பழமுமாக அப்படியே ஓடினாள். மூன்று ஜெர்மன் பேராசிரியர்களும் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ. கதவு மூடிக்கொண்டது. கீழே அத்தனை பேரும் மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவர் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அவள் மாடிக் கம்பியருகே வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“பாஸ்!”

“அரோகரா!” என்றது தெரு.

கீழே வந்ததும் சிவப்புப் புடவைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போனில் ஒரு பையன் படத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இவன்தாம்மா. இப்பத்தான் நீ பாஸாயிட்டியே, இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லு.”

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கடைசியில், “தினமும் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க,” என்றாள்.

“கேட்டீங்களா!” என்று சிவப்புப் புடவைக்காரி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா வாக்கு குடுத்துட்டாங்க!”

அடுத்து நின்ற பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “எனக்கு எடம் ஒண்ணு விக்காம கெடக்குதும்மா...”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தொன்னை எடுத்து வருவதாகக் கை காட்டிவிட்டு உள்ளே நழுவினேன்.